பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக் கார்பெட் மாற்றியது: பாதி வேலை தரைத்தகட்டில்

வண்டி 90-களின் நடுவில் வந்தது. சேஸிஸ் மேல் பாடி உட்காரும் பழைய வகை ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி போட்டுக் கொடுத்த கார்பெட்தான் இத்தனை வருடமும் ஓடியது. டிரைவர் பக்கம் குதிகால் ஊன்றும் இடத்தில் நூல் முழுக்கத் தேய்ந்து அடிப்பக்கம் தெரிந்தது. கியர் லிவரைச் சுற்றிக் கிழிந்திருந்தது. வெயில் பட்ட பகுதியெல்லாம் நிறம் போய்ப் பழுப்பேறிவிட்டது. இதோடு இன்னும் சில வருடம் ஓட்டியிருக்கலாம். மாற்றியே தீர வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது வாடைதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ராத்திரி நிறுத்தினால், காலையில் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கின் வாடை முகத்தில் அடிக்கும். கார்பெட்டைத் தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஈரம் மேலே வரும்.

இந்த மாதிரி வண்டியில் கார்பெட் வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புதுக் கார்பெட் வாங்காதீர்கள். வாங்கிப் போட்டால் கொஞ்ச நாளில் அதே வாடை திரும்ப வரும், தரைத்தகடும் சேர்ந்து அரித்துப் போகும்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் கம்பியைக் கழற்றிய பிறகும் சில நிமிடம் விட்டுவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது அநேகமாக ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைப் பிரித்து வைத்த நிலையில் சாவியைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கிற வரைக்கும் போகாமல் நின்றுவிடலாம்.

சீட் போல்ட்டுகள்தான் இந்த வேலையில் முதல் கண்டம். பல வண்டிகளில் அவற்றின் நுனி தரைத்தகட்டைத் தாண்டி வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். சேறும் தண்ணீரும் வருடக்கணக்கில் அடித்து மரையெல்லாம் துரு ஏறியிருக்கும். மேலே இருந்து சாக்கெட்டைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் அந்தத் துரு படிந்த மரை முழுவதும் நட்டுக்குள் வழியாக வர வேண்டும். நட்டு தகட்டோடு வெல்டிங் செய்தது. அது பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால் கிரைண்டரை எடுக்க வேண்டியதுதான். அதனால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, நுனிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து, ராத்திரி முழுவதும் ஊறவிட்டேன். மறுநாள் கால் சுற்று தளர்த்துவது, கொஞ்சம் திரும்ப இறுக்குவது, மறுபடி தளர்த்துவது என்று முன்னும் பின்னுமாக ஆட்டியே எடுத்தேன். பொறுமை கேட்கிற வேலை. ஆனால் ஒரு போல்ட் கூட முறியவில்லை.

சீட் பெல்ட் போல்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பெரும்பாலான வண்டிகளில் அவை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை என்ற ஒரே அளவில் வருபவை. மற்ற போல்ட் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் வண்டியிலும் இது மட்டும் அங்குலக் கணக்கில் இருக்கும். கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை அதில் திருகி ஏற்றினால் மரை கெட்டுவிடும். உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட் என்பதால் கடினத்திலும் சமரசம் கூடாது. கழற்றியவற்றை எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதிய பைகளில் போட்டு வைத்தேன்.

கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள், பக்கவாட்டு டிரிம் (உட்பக்கத் தகட்டை மூடும் பலகை), நடு கன்சோல், கியர் லிவர் உறை, டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் (நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் லிவர்) உறை எல்லாம் வரிசையாக வந்தன. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிர்ந்த நேரத்தில் தொட்டாலே உடையும். வெயில் ஏறிய பிறகு கழற்றினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கதவோரமாகப் பின்விளக்குக்குப் போகும் வயர் கட்டு கார்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. கத்தி வைப்பதற்கு முன் அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பெட்டைத் தூக்கியபோது அதன் கனம்தான் முதலில் உறைத்தது. அடியில் ஒட்டியிருந்த சணல் மெத்தை முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் சத்தத்தைக் குறைக்கச் சணல் அல்லது கழிவு நூலை அழுத்திச் செய்த மெத்தையைத்தான் வைத்தார்கள். சத்தத்துக்கு நல்லது. ஆனால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு தரைத்தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். மேலே கார்பெட் மூடியிருப்பதால் காய வழியே இல்லை.

அதை உடனே தூக்கி எறிய வேண்டாம். வெளியே தரையில், வண்டிக்குள் இருந்த அதே மாதிரி விரித்து, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கறைகள் எல்லாவற்றையும் சொல்லும். என் மெத்தையில் இரண்டு தனித்தனிக் கறைகள் இருந்தன. டிரைவர் பக்கம் இருந்த கறை, இன்ஜின் தடுப்புச் சுவரில் ஏறும் மேல் ஓரத்திலேயே ஆரம்பித்து, கீழே வரவர அகலமானது. அப்படியென்றால் தண்ணீர் மேலே இருந்து வழிகிறது. பின் இருக்கைக் கால் வைக்கும் இடத்தில் இருந்த இன்னொன்று, கதவுப் பக்க ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவை நோக்கி வெளிறியும் இருந்தது. அது கதவு வழியாக வருவது. கறை பிசுபிசுவென்று ஒட்டி, இனிப்பான வாடை அடித்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) கசிந்து கூலன்ட் ஒழுகுகிறது என்று பொருள். என் வண்டியில் நல்ல வேளையாக அது இல்லை. ஏசி ஓடிய நாட்களில் மட்டும் முன்பக்கம் நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். வண்டிக்கு அடியில் போய்க் குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.

அப்புறம் ஹோஸ் பைப்பை எடுத்தோம். நண்பர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே இருந்து தண்ணீர் விட்டேன். இதில் ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பில் கூரை மேல் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. கீழே இருந்து ஆரம்பித்து, ஒரு இடத்தில் சில நிமிடம் மெல்லிய தாரையாக விட்டு, உள்ளே ஒன்றும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் மேலே போக வேண்டும். கதவடி, கதவு பீடிங் (கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை), கதவுக் கண்ணாடி ரப்பர், அப்புறம் முன்கண்ணாடி. முன்கண்ணாடியின் கீழ் மூலைக்கு வந்ததும் உள்ளே இருந்து சத்தம் வந்தது. ரப்பருக்கு அடியில் தகடு துருப்பிடித்து உப்பியதில் ரப்பர் தூக்கி நின்றது. அதன் மேல் சீலன்ட் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, புது ரப்பர் போட்டு உட்கார வைப்பதுதான் நிரந்தரமான வழி. கண்ணாடி வேலையை மட்டும் அதில் பழக்கம் உள்ளவரிடம் விட்டேன்.

பின்கதவு விஷயம் பலருக்குத் தெரியாதது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். கதவுக் கண்ணாடியை ஒட்டி வெளியே இருக்கும் ரப்பர் பட்டை முழுத் தண்ணீரையும் தடுப்பதில்லை. மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் அதற்கென்றே வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்குகிற தண்ணீர் டிரிம் பக்கம் தெறித்து வண்டிக்குள் வராமல் இருக்க, கதவின் உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாள் பிசின் வைத்து ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றுவதற்கோ கண்ணாடி மோட்டார் பார்ப்பதற்கோ யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே டிரிமைப் போட்டு மூடினால், அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வரும். கதவு பீடிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. என் வண்டியில் தாளின் கீழ்ப்பகுதி முழுவதும் பிரிந்து தொங்கியது. கனமான பாலித்தீன் தாளைப் பழையதன் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற, பிசுபிசுக்கும் ஒட்டுப் பட்டை) வைத்து ஒட்டினேன். தாளின் கீழ் விளிம்பு கதவுத் தகட்டின் இடுக்குக்குள், அதாவது தண்ணீர் விழும் பக்கம், போய் உட்கார வேண்டும். அதை வெளியே விட்டால் ஒட்டியதே வீண். வடிகால் துளைகளில் கெட்டியாகியிருந்த மண்ணையும் குச்சி விட்டு எடுத்தேன்.

கசிவு நின்றது என்று மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே தரைக்கு வந்தேன்.

தரையில் கம்பெனி ஒட்டிய தார்ப் பட்டைகள் வெடித்திருந்தன. வெடிப்பு வழியாக ஈரம் அடியில் புகுந்து, பட்டைக்குக் கீழே துரு. அவற்றை எடுக்க இரண்டு வழி உண்டு. ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டலாம், ஆனால் பிசுக்கு நிற்கும். உலர் பனிக்கட்டி கிடைத்தால் அது சுத்தமான வழி. அது மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ் குளிர் என்பதால் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எல்லாக் கதவையும் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். அதிலிருந்து வருவது கரியமில வாயு. மூடிய வண்டிக்குள் அது தங்கினால் மூச்சு முட்டி ஆபத்தாகிவிடும்.

துருவைக் கண்ணால் பார்த்து எடை போடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று திருப்பித் தள்ளும். போன தகடு நறநறவென்று உள்வாங்கும். பெரும்பாலான இடம் மேல்துருவாகத்தான் இருந்தது. அதைக் கம்பிச் சக்கரமும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்து, துருவை மாற்றும் அமிலக் கலவை பூசி, கறுத்துக் காய்ந்த பிறகு எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயின்ட். இந்தக் கலவை தகட்டோடு இறுக ஒட்டியிருக்கும் துருவில்தான் வேலை செய்யும். செதில் செதிலாக நிற்பதன் மேல் பூசினால் செதிலோடு சேர்ந்து அதுவும் உரிந்துவிடும். டிரைவர் குதிகாலுக்கு நேர் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு போய்விட்டது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங். அந்த இடத்துக்கு அடியில் பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ வயரோ போகிறதா என்று பார்க்காமல் வெல்டிங் பொறியைப் பற்ற வைக்கக் கூடாது. தகடுகள் சேரும் இணைப்புகளில் எல்லாம் சீலன்ட் ஓட்டினேன்.

தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளை மறக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு அவை ரொம்ப முக்கியம். இறுகிப்போன மூடி வழியாக அடியிலிருந்து தண்ணீர் ஏறும். ஏறிவிட்டால் வெளியேற்றுவதற்கும் அந்தத் துளைதான் வழி. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். அவற்றின் மேல் எந்தப் பட்டையும் ஒட்டாமல் விட்டேன்.

சத்தத் தடுப்புக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் பட்டைகள். தார் வகை மலிவு, ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது இளகி வாடை விடும். பலர் தரை முழுக்க ஒரு அங்குலம் விடாமல் ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பட்டையின் வேலை தகட்டின் அதிர்வை அடக்குவது. தட்டையான பரப்பின் நடுவில் ஒட்டினாலே அதிர்வில் பெரும்பகுதி அடங்கிவிடும். கால்வாசிப் பரப்புக்கு ஒட்டினேன். விரலால் தட்டினால் தகரச் சத்தம் போய் மந்தமான சத்தம் வந்தது. முழுக்க ஒட்டினால் கனம் கூடும், நாளைக்குத் துரு வந்தாலும் தெரியாது. ரோலரால் அழுத்தி உருட்டி, பட்டைக்கு அடியில் காற்று நிற்காமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல், சணலுக்குப் பதிலாக, மூடிய குமிழ்கள் உள்ள ஃபோம். அதைத் தண்ணீரில் போட்டாலும் குடிக்காது. அதை ஒட்டவில்லை, துண்டு துண்டாக வெட்டிச் சும்மா விரித்தேன்.

சரி, இப்போது கார்பெட். வீட்டுக்குப் போடும் கார்பெட்டை வெட்டிப் போடலாமே என்று கேட்பார்கள். போடாதீர்கள். வண்டிக்குள் இருக்கும் துணி, கார்பெட் எல்லாம் தீப்பிடித்தால் எவ்வளவு வேகத்தில் எரியலாம் என்பதற்கு அளவு உண்டு. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற வாகனப் பாதுகாப்பு விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக் கார்பெட் அந்தக் கணக்கில் செய்யப்பட்டதில்லை. அதுபோக, கியர்பாக்ஸ் மேட்டின் மேல் அது சுருக்கம் விழாமல் படியாது.

வண்டியின் தரை வடிவத்துக்கே வார்த்து வரும் கார்பெட்டை வாங்கினேன். நூல் நைலான். படகுகளில் போடும் பாலிபுரொப்பிலீன் கார்பெட்டையும் யோசித்தேன். அந்த நூல் தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். ஆனால் நைலான் அளவுக்கு மிதி தாங்காது, சீக்கிரம் படுத்துவிடும். ஏறி இறங்கும் இடத்தில் எனக்கு நைலானின் உழைப்புத்தான் வேண்டியிருந்தது. அடிப்பக்கம் கனமான ரப்பர் போன்ற அடுக்கு ஒட்டிய வகையும் உண்டு. அது வளைவுகளில் நன்றாகப் படியும், சத்தத்தையும் தடுக்கும். ஆனால் சேற்றில் இறங்கும் வண்டியில் கார்பெட்டை அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் லேசான வகையையே எடுத்தேன்.

பெட்டியில் மடித்து வந்த கார்பெட்டை உடனே வண்டிக்குள் வைக்காமல், வெயிலில் விரித்துப் போட்டேன். மடிப்புகள் தளர்ந்து வடிவம் திரும்பிய பிறகு உள்ளே வைத்து, நடு மேட்டின் மேல் சரியாக உட்கார்த்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கையால் தடவித் தடவிப் படிய வைத்தேன். இங்கே அவசரம் ஆகாது. முன் மூலைகளில் இடைவெளி இருப்பது போலத் தெரிந்தாலும் ஓரத்தை வெட்டத் தொடங்கக் கூடாது. நடு சரியாக உட்கார்ந்தால் ஓரங்கள் தானாக இடத்துக்கு வரும். பழைய கார்பெட்டை மேலே வைத்து அளவெடுப்பதும் முழுக்கச் சரி வராது. அது நனைந்து காய்ந்து சுருங்கியிருக்கும். துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

முதலில் வெட்டியது கியர் லிவருக்கான இடம். அடையாளம் வைத்த நடுப்புள்ளியில் சின்னதாகப் பெருக்கல் குறி போல வெட்டி, லிவரை நுழைத்துப் பார்த்து, தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். சீட் போல்ட் துளைகளுக்கு, மேலிருந்து விரலால் தடவி, குத்தூசியை இறக்கி, மரை இருக்கும் இடம் தட்டுப்பட்டதும் அங்கே சால்டரிங் அயர்ன் முனையை வைத்தேன். நைலான் 6 வகை சுமார் 220 டிகிரியில் உருகும். சூடான முனை இறங்கும்போதே நூல் உருகித் துளையின் ஓரம் இறுகிவிடும், பிரியவே பிரியாது. புகை வரும், கதவுகள் திறந்திருக்கட்டும். டிரில்லை மட்டும் கார்பெட் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஒரே ஒரு இழை டிரில் பிட்டில் சுற்றிக்கொண்டால் போதும், வரிசையாக நூலை உருவிக்கொண்டு போய் நடுக் கார்பெட்டில் வழுக்கைக் கோடு விழுந்துவிடும். கதவடிப் பட்டையின் திருகாணிகளுக்கும் இதே மாதிரி முதலில் சுட்டுத் துளை போட்டுத்தான் திருகினேன்.

பெடல் பகுதியில் அதிக நேரம் செலவழித்தேன். புதுக் கார்பெட்டும் ஃபோமும் சேர்ந்து பழையதைவிடத் தடிமன். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் அந்தத் தடிமன் பெடலை முழுக்க இறங்கவிடாது, அல்லது ஓரத்தில் சிக்க வைக்கும். 2009-ல் அமெரிக்காவில் தரைப் பாய் ஆக்சிலரேட்டரில் சிக்கும் அபாயத்துக்காகப் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதனால் பெடல்களுக்கு நேர் கீழே ஃபோமை எடுத்துவிட்டேன். மூன்று பெடலையும் கையால் முழுக்க அழுத்தி, விட்டதும் தங்கு தடையில்லாமல் மேலே வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேலே போடும் ரப்பர் பாய் நகராமல் இருக்கத் தரையில் கொக்கியும் வைத்தேன்.

பசை மிகக் குறைவு. இன்ஜின் சுவரில் ஏறும் மேல் ஓரத்திலும் நடு மேட்டின் உச்சியிலும் மட்டும் சூடு தாங்கும் ஸ்ப்ரே பசை. மற்றதெல்லாம் டிரிம்முகளும் சீட்டுகளும் பிடித்துக்கொள்ளும். முழுக்க ஒட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த தடவை உள்ளே தண்ணீர் ஏறினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது கதவடிப் பட்டையைக் கழற்றினால் ஓரத்தைத் தூக்கி, அடியில் கை விட்டுப் பார்க்க முடிகிறது.

சீட்டுகளைத் திரும்ப வைக்கும்போது மரைகளை எல்லாம் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றினேன். கார்பெட் நூல் மரைக்குள் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க இதுதான் வழி. அப்புறம் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கினேன். சீட் பெல்ட் போல்ட்டுக்கும் அதே. கை அளவில் போதும் என்று விடக் கூடிய இடமில்லை அது.

பின்பக்கச் சாமான் வைக்கும் இடத்துக்குக் கார்பெட் வாங்கவில்லை. அங்கே ஈரக் கயிறும் சேறு பிடித்த ஜாக்கியும்தான் ஏறும். பெயின்ட் அடித்த தரை மேல் கனமான ரப்பர் விரிப்பு, நான்கு மூலையிலும் அடியில் காற்று போகச் சின்ன இடைவெளி. வேலை முடிந்த பிறகு வண்டியை மறுபடி ஹோஸ் பைப் அடியில் நிறுத்தி, பின்கதவு ஓரத்தில் கார்பெட்டுக்கு அடியில் டிஷ்யூ தாள் சொருகி வைத்தேன். காய்ந்தே வந்தது. முன்கண்ணாடி மூலைக்குக் கீழே இன்னும் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதை எடுத்துப் பார்க்கிறேன்.